கீரை வாங்கப் போன ஜெயக்கொடி

காளவாசலுக்கு மேற்கே, தேனி ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஒரு தெருவில் குடியிருக்கிறாள் ஜெயக்கொடி. வயது ஐம்பத்து மூன்று. அவளுடைய சொந்தபந்தத்தில் யார் செத்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். செத்தவருக்கு மகன் இருப்பான், மகள் இருப்பாள், அவர்களுக்குச் சொல்வதெல்லாம் அப்புறம். ஜெயக்கொடி வந்து நின்றால் கேத வீடு ஒழுங்காக நடக்கும் என்று அவளுக்கு அப்படி ஒரு பேர். யாரை எங்கே உட்கார வைக்க வேண்டும், எந்தச் சம்பந்தி வீட்டு மாலை முதலில் விழ வேண்டும், அழுது மயங்கியவளுக்குச் சோடா போதுமா ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டுமா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் புருசன் கருத்தக்கண்ணன் ஆரப்பாளையத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. கடையை விட்டு அசைய மாட்டார். கல்யாணமான முப்பத்து நாலு வருசத்தில் அவர் நேரில் போன கேதங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கத்து முறை அப்படி. வீட்டிலிருந்து ஒருத்தர் போய் நின்றால் மொத்த வீடும் போய் நின்ற மாதிரி. "கருத்தக்கண்ணன் வந்தானா?" என்று யாராவது கேட்டால், "வந்தான், வந்தான், ஜெயக்கொடி வந்திருந்தாள்ல" என்பார்கள். அவர் அந்நேரம் கடையில் பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருப்பார். இந்த முறையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த வம்புக்கெல்லாம் மூலம் இதுதான்.

போன வைகாசியில் செக்கானூரணிப் பக்கம் தூரத்து மாமா ஒருவர் போய்ச் சேர்ந்தார். மகன் துபாயிலிருந்து வர வேண்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். எடுக்கிற நேரத்தைப் பேப்பரில் போட்டிருப்பதாகப் போனில் சொன்னார்கள், நேரத்தைச் சொல்வதற்குள் போன் அறுந்துபோனது. திரும்பப் போட்டால் அந்தப் பக்கம் எடுக்க ஆளில்லை. வீட்டில் பேப்பர் கிடையாது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் சூரியபிரகாஷ், எல்லாம் போனிலேயே வருகிறது என்று அதை நிறுத்தி மூன்று வருசமாகிறது. டீக்கடையில் பேப்பர் கிடக்கும், ஆனால் அந்தப் பெஞ்சில் ஒரு பொம்பளை போய் உட்கார்ந்தால் தெருவே பேசும். ரேஷன் கடை வாசலில் கீரை விற்கிறவளிடம் விசாரித்தபோது அவள் மாடியைக் கை காட்டினாள்.

"மேல லைப்ரரி இருக்குல்லக்கா. அங்க பேப்பர் சும்மாதான் கெடக்கு."

இருபது வருசமாக அதே ரேஷன் கடையில் வரிசையில் நின்றவள் ஜெயக்கொடி. தலைக்கு மேல் ஒரு நூலகம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

பேப்பர் சும்மா கிடக்கவில்லை. பீமாராவ் என்று ஒரு மனுசரிடம் இருந்தது. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், அறுபத்திரண்டு வயது. அவர் பேப்பர் படிக்கிற முறையே தனி. வந்ததும் எல்லாப் பேப்பரையும் தாள் தாளாகப் பிரிப்பார். ஒன்று கையில், இரண்டு முழங்கைக்குக் கீழே, மிச்சத்தை விரித்து மேலே உட்கார்ந்துகொள்வார். கண்ணீர் அஞ்சலிப் பக்கம் அன்றைக்கு அவருக்கு அடியில் இருந்தது.

"அண்ணே, அந்தத் தாளக் கொஞ்சம் தாரீகளா?"

"படிச்சுக்கிட்டிருக்கேன் தங்கச்சி."

"அது ஒங்களுக்கு அடியில கெடக்கு."

"அடுத்தது அதான்."

கேத அவசரம் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். சொல்ல ரோசம் விடவில்லை. பார்த்துவிடலாம் என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சும்மா எவ்வளவு நேரம் அவர் முகத்தையே பார்ப்பது? மேசையில் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தை இழுத்தாள். அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. பேர் தெரியாது, எழுதினவர் யார் என்றும் தெரியாது. காலிகோ துணி ஒட்டி, முதுகில் வெள்ளை மையால் 4417 என்று எழுதியிருந்தது. ஐந்தாம் பக்கத்தில் வேதவல்லி என்று ஒருத்தி ரைஸ்மில் கதவைத் திறக்கிறாள், வாசலில் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அப்படி ஒரு மொட்டைக் கடுதாசி வருகிறது. புருசன் செத்த பிறகு மில்லைத் தனியாக நடத்துகிறவள் அவள்.

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டு ஜெயக்கொடி நிமிர்ந்தபோது எதிரே நூலகர் பாண்டிமீனா நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும், ஒல்லியான பெண்.

"அக்கா, மணி ஒண்ணு. பூட்டணும். திரும்ப நாலு மணிக்குத்தான் தொறப்பேன்."

பேப்பரை மடித்து அவளுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் பீமாராவ் எப்போதோ போயிருந்தார். மாமாவைப் பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிட்டார்கள். ஜெயக்கொடி தவறவிட்ட முதல் கேதம் அது.

ஆனால் அவள் மனசில் வருத்தம் வரவில்லை. படியிறங்கும்போது சிரிப்பு வந்தது, அதை நினைத்துப் பயமும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூட அலமாரிச் சாவி அவள் பொறுப்பில்தான் இருந்தது. அலமாரியில் இருந்த நூற்றுப் பதினோரு புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டு, வாத்தியாரிடம் போய் வேறு இல்லையா என்று கேட்டவள் அவள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, மாடு, கடைக்கு அனுப்பும் சாப்பாடு, ஊர்ச் சாவு. வீட்டுக்கு வந்த பத்திரிகை எல்லாம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை. யாரும் படிக்கக் கூடாது என்று தடுத்ததில்லை. அவளே மறந்துபோயிருந்தாள். அந்த மூன்று மணி நேரம் அவளை யாரும் கூப்பிடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, சாவியெங்கே என்று கேட்கவில்லை. அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

சாயங்காலம் கருத்தக்கண்ணன் கேட்டார். "கேதத்துக்குப் போனியா?"

"போகாம? நல்ல கூட்டம்."

பொய் சொன்னவளுக்கு அதை மூட ஏதாவது பேச வேண்டியிருந்தது. கேத வீட்டிலிருந்து வந்தால் நாலு ஊர்ச் சேதி கொண்டு வருவது அவள் வழக்கம். வெறுங்கையோடு வந்தால் சந்தேகம் வரும்.

"அங்க ஒரு பேச்சுக் கேட்டேன். அலங்காநல்லூர்ப் பக்கம் ரைஸ்மில் வச்சிருக்க பொம்பளையாம், வேதவல்லின்னு. வாராவாரம் அவளுக்கு மொட்டக் கடுதாசி வருதாம்."

கருத்தக்கண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "யார் போடுறானாம்?"

"அதான் தெரியல. கேட்டு வாரேன்."

மறுநாளிலிருந்து ஜெயக்கொடி தினமும் காலை பத்து மணிக்குக் கீரை வாங்கப் போனாள். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை என்று முறை வைத்து வாங்கினாள். ஒரு கட்டுக் கீரைக்கு மூன்று மணி நேரமா என்று கேட்க வீட்டில் ஆளில்லை. வாங்கின கீரை மறுநாள் கேரியரில் கடைக்குப் போகும். பதினைந்தாம் நாள் கருத்தக்கண்ணன் வாய் திறந்தார்.

"கடையில மாட்டுக்குத் தீவனம் விக்கிறேன். மாட்டுக்கே நான் அம்புட்டுப் பச்சை போடச் சொல்றதில்ல."

"கண்ணுக்கு நல்லதுங்க."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது. அந்த ரைஸ்மில்காரி என்ன ஆனா?"

தினம் ஒரு அத்தியாயம் சோற்றோடு இறங்கியது. கொழுந்தன் மில்லைக் கேட்டு வந்த சேதி, கணக்குப்பிள்ளை திடீரென்று வெள்ளை வேட்டிக்கு மாறின சேதி எல்லாம் வந்தது. இவ்வளவு சேதி வர வேண்டுமானால் மதுரை ஜில்லாவில் தினம் ஒரு சாவு விழ வேண்டும் என்று அவர் யோசித்தாரோ என்னவோ, அப்போது காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் மட்டும் வந்து, அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்ததாகவும், அவரிடம் வேதவல்லியைப் பற்றி விசாரித்ததாகவும் சொன்னார்.

ஜெயக்கொடி அவர் தட்டில் இன்னொரு கரண்டி கீரையை வைத்தாள். "என்ன சொன்னாரு?"

"அப்பிடி யாரும் இல்லங்கிறாரு."

"பேர மாத்திச் சொல்லியிருப்பாக. கௌரவமான குடும்பமில்ல?"

"அதுவும் சரிதான்," என்று சோற்றைப் பிசைந்தார்.

நூலகத்தில் அவளுக்கு வேறு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை, ரகசியம் உடைந்துவிடும். மேசையில் விட்டுப்போனால் வேறு யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்கள். அதனால் யாரும் தொடாத சட்டப் புத்தக வரிசைக்குப் பின்னால் 4417-ஐ ஒளித்து வைத்தாள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அங்கே இன்னொரு புத்தகமும் இருந்தது. யாருடையது என்று பதுங்கிப் பார்த்தாள். பீமாராவ் வந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். கை பிடிபட்டது.

"நீங்களுமாண்ணே?"

"இந்த எடம் நாலு வருசமா என்னுது தங்கச்சி. நீ வேற எடம் பாரு."

கடைசியில் இடது ஓரம் அவளுக்கு, வலது ஓரம் அவருக்கு என்று உடன்படிக்கை ஆனது. அதிலிருந்து அவளுக்கு மட்டும் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை அடியிலிருந்து உருவிக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஆனி முதல் வாரம் பாண்டிமீனா முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். ஜெயக்கொடி விடாமல் கேட்டாள்.

"நம்ம கிளைக்கு ஆளே வரலையாம்க்கா. ஒரு நாளைக்குச் சராசரியா முப்பது பேர் வரணும், நமக்குப் பதினொண்ணுதான். இந்த மாசப் பதிவேட்டப் பாத்துட்டு, கொறைஞ்சா இத மூடி, வைகைக்கு அந்தப் பக்கம் இருக்க பெரிய கிளையோட சேத்துருவாங்க."

ஜெயக்கொடி மனசுக்குள் ரூட்டுப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவு தூரம் போய்க் கீரை வாங்குகிறேன் என்று எந்தப் புருசனிடமும் சொல்ல முடியாது. இத்தனை வருசம் கழித்துக் கைக்கு வந்த ஒன்று, அதுவும் வேதவல்லி பாதியில் நிற்கும்போது, போகப்போகிறது. அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. முப்பது பேர்தானே வேண்டும், கேத வீடுகளில் அவள் முந்நூறு பேரை உட்கார வைத்தவள்.

வாசல் பக்கம் ஒரு சின்ன மேசையில் வருகைப் பதிவேடு இருக்கும். பேர், ஊர், போன் நம்பர், கையெழுத்து. மறுநாள் ஜெயக்கொடி தன் பேரை எழுதினாள். அதற்குக் கீழே கருத்தக்கண்ணன் என்று எழுதினாள். அப்புறம் சூரியபிரகாஷ், கருமாத்தூர்ச் சொந்தக்காரர் பேயாண்டி, நாத்தனார் சின்னத்தாய் என்று பேனா நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்தொன்பது பேர். போன் நம்பர் கட்டத்தில்தான் தட்டுப்பட்டது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் புருசனுடையது. பத்தொன்பது பேருக்கும் அதையே போட்டாள்.

அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. பீமாராவ் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தபோது அவள் அதைத்தான் சொன்னாள்.

"ஏறாத ஆளுக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சிருக்கியே தங்கச்சி."

"என்னண்ணே பேசுறீக? வீட்டுல ஒருத்தர் வந்தா அம்புட்டுப் பேரும் வந்த மாதிரிதானே? இவுக எல்லாருக்காகவும் எத்தனை கேதத்துல நான் போய் நின்னிருக்கேன். அப்பல்லாம் செல்லுச்சு, இங்க செல்லாதா?"

"நான் முப்பத்தோரு வருசம் கண்டக்டரா இருந்தவன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியும். செக்கிங் ஏறுவான்."

பாண்டிமீனாவுக்கு அன்றாடம் பார்த்துக் கூட்டுகிற பழக்கம் இல்லை. மாசக் கடைசியில் கூட்டினபோது சராசரி முப்பதைத் தொட்டிருந்தது. அலமாரிக்குள் தலையை விட்டு வேலை பார்க்கிற நேரத்தில் ஆட்கள் வந்து போகிறார்கள் போல என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தது. அதை வாங்கித் தின்றாள் ஜெயக்கொடி.

செக்கிங் ஏறியது. கனகலட்சுமி என்று ஒரு அதிகாரி, சாப்பாட்டுப் பையும் சிவப்புப் பேனாவுமாகப் படியேறி வந்தார். பதிவேட்டை விரித்து இரண்டு பக்கம் புரட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பாண்டிமீனா, இங்க வர்ற எல்லாருக்கும் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கே. போன் நம்பரும் ஒண்ணு."

பாண்டிமீனா ஓடி வந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஜெயக்கொடிக்கு உறைத்தது. கேத வீட்டில் பொய் ஆஜர் போட்டால் செத்தவர் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை. இங்கே அந்தப் பிள்ளையின் வேலைக்கே உலை வைத்தாயிற்று. எழுந்து நின்றாள்.

"எழுதுனது நான்தாங்க. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டு ஆளுகதான் அம்புட்டுப் பேரும்."

"இருங்க," என்ற கனகலட்சுமி, அந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எத்தன மூட்ட?" என்றது கருத்தக்கண்ணன் குரல்.

"நூலகத்துல இருந்து பேசுறேங்க. கருத்தக்கண்ணனுங்களா? போன மாசம் நீங்க இருபத்தோரு நாள் எங்க கிளைக்கு வந்து படிச்சதா பதிவேட்டுல இருக்கு. வந்தீங்களா?"

அந்தப் பக்கம் தராசுச் சங்கிலி ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெயக்கொடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா, வந்தேன்," என்றார் அவர்.

ஒரு கிலோ தவிடு கடன் கேட்டால் பத்துக் கேள்வி கேட்கிற மனுசர், ஒரு கேள்வி கேட்காமல் முன்பின் தெரியாத அதிகாரியிடம் பொய் சொன்னார். பீமாராவ் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன புத்தகம் படிச்சீங்க?"

இந்தத் தடவை இன்னும் நேரம் எடுத்தது. அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ரைஸ்மில் வேதவல்லி."

"கதை என்ன?"

"மொட்டக் கடுதாசி வருது, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம. எல்லாரும் கொழுந்தனச் சந்தேகப்படுறாக. எனக்கு அந்தக் கணக்குப்பிள்ள மேலதான் சந்தேகம். வெள்ள வேட்டிக்கு என்னத்துக்கு மாறுனான்?"

"கடிதம் எழுதுனது யாரு?"

"அத இன்னும் சொல்லல." உடனே திருத்தினார். "படிக்கல. மேடம், ஒண்ணு கேக்கவா? அங்க கீரைக்கட்டோட ஒரு பொம்பள ஒக்காந்திருக்காளா?"

கனகலட்சுமி நிமிர்ந்து பார்த்தார். ஜெயக்கொடியின் கூடையிலிருந்து முருங்கைக் கீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்காங்க."

"அலங்காநல்லூர்ல அப்பிடி ஒரு மில்லே இல்லன்னு போன வாரமே தீர விசாரிச்சுட்டேன்னு சொல்லுங்க. முருங்கக் கீர வேண்டாம்னும் சொல்லுங்க," என்று போனை வைத்துவிட்டார்.

கனகலட்சுமி கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். தோள் குலுங்கியது. திரும்பினபோது முகம் பழையபடி அதிகாரி முகமாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பேராக அடிக்க ஆரம்பித்தார். அடித்து முடிக்க அரை மணி நேரமானது.

"உங்க வீட்டுக்காரர் நல்ல வாசகர்தான், ஒத்துக்கிறேன். ஆனா அவர் வரல. இது கேத வீடு இல்லைம்மா. இங்க அவங்கவங்க கால் படியேறணும். இந்தப் பொய்ய வச்சு நான் கிளைய நடத்தவும் முடியாது, இந்தப் பொய்ய வச்சு மூடவும் எனக்கு மனசில்ல. அடுத்த மாசக் கடைசியில வர்றேன். முப்பது இருக்கணும். நெசமான முப்பது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கருத்தக்கண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ரசத்தை ஊற்றிக்கொண்டு, "சரி, கடுதாசி போடுறது யாரு?" என்றார்.

ஜெயக்கொடி அவரைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருசமாக இவருக்குப் பதிலாக எல்லா இடத்துக்கும் போய் நின்றவள். அவள் தலையில் ஒரு யோசனை உதித்தது.

"நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டாம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கேன். மிச்சம் வேணும்னா நேர்ல வந்து படிச்சுக்கங்க."

"கடைய விட்டுட்டா?"

"பத்தொன்பது படிதான்."

"ஒன் கதையும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்று கையைக் கழுவினார்.

அவளும் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. முடிவு தெரிந்தால் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்கே அவளைத் தெரியும். அந்த மாசம் வேறு புத்தகங்களைப் படித்தாள்.

அப்புறம் போனை எடுத்தாள். "ஒங்க மாமியாருக்கு வந்தேன், ஒங்க பெரியப்பாவுக்கு வந்தேன், காரியத்துக்கும் இருந்து பாத்திரம் கழுவிட்டு வந்தேன். எனக்காக ஒரு தடவ நீங்க வாங்க." கருமாத்தூருக்குத் திங்கள், செக்கானூரணிக்குச் செவ்வாய், திருப்பரங்குன்றத்து ஆட்களுக்குப் புதன் என்று முறை போட்டுக் கொடுத்தாள். ஒருத்தர்கூட மறுக்க முடியவில்லை. மறுத்தால் நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் யார் வந்து நிற்பது?

வந்தவர்களுக்கு நூலகத்தில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே முறைப்படி வந்தார்கள். கீழேயே செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். ஆம்பிளைகள் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கக்கத்தில் வைத்தார்கள். சின்னத்தாய் நேரே போய்ப் பாண்டிமீனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எத்தன வருசமாத்தா முடியாம இருந்துச்சு?" என்றாள்.

"இன்னும் உசுரோடதாங்க இருக்கு," என்றாள் பாண்டிமீனா.

பேயாண்டி முதல் நாள் மின்விசிறிக்கு அடியில் நன்றாகத் தூங்கினார். இரண்டாவது வாரம் வந்தபோது நெல் நோய் பற்றி ஒரு புத்தகத்தைப் பீமாராவ் அவர் கையில் திணித்தார். மூன்றாவது வாரம் முறையில்லாத நாளில் அவராகவே வந்தார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. சின்னத்தாய்க்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அவள் சமையல் புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பார்த்து, அதில் போட்டிருக்கிற குழம்பு தப்பு என்று எல்லாரிடமும் சண்டை போட்டாள். பாதிப் பேர் ஒரு தடவையோடு நின்றுகொண்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பீமாராவ் மட்டும் வாசலில் நின்று தலைகளை எண்ணி, சாயங்காலம் பதிவேட்டோடு சரிபார்த்தார். அவர் வேலையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு கறாராக எண்ணினதில்லையாம்.

மாசக் கடைசியில் கனகலட்சுமி வந்து கூட்டிப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை கூட்டினார். ஜெயக்கொடி அவர் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தொன்பது சொச்சம். சராசரி முப்பது வர, மாசக் கூட்டல்ல பதினாறு தலை குறையுது," என்றார்.

அப்போது படியில் கனமான கால் சத்தம் கேட்டது. ஏறி வந்தவர் தோளெல்லாம் தவிடு. மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் கடை லோடுமேன்கள், பக்கத்துச் சாக்குக் கடைக்காரர், புண்ணாக்கு வாங்க வந்து அகப்பட்டுக்கொண்ட விவசாயிகள் என்று ஒரு கும்பலே வந்தது.

"இன்னைக்குத்தான் கணக்குப் பாக்குறாகன்னு இவ சொன்னா. கடையப் பூட்டிட்டேன். கதவப் பூட்டுனா அம்புட்டுப் பேரும் வெயில்ல நிக்கணும். அதான் கூட்டியாந்தேன்," என்றார் கருத்தக்கண்ணன், யார் முகத்தையும் பார்க்காமல்.

கனகலட்சுமி அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். "கணக்குப்பிள்ளை மேல சந்தேகம்னு சொன்னவரா?"

"இப்பவும் அதேதான்."

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார் அதிகாரி. ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள். பீமாராவ் விரலால் எண்ணினார். "பதினேழு. ஒருத்தர் ஸ்டாண்டிங்," என்றார். கனகலட்சுமி அந்த மாசக் கூட்டலுக்குக் கீழே முப்பது என்று எழுதி, சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். பாண்டிமீனா ஜெயக்கொடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேதங்களில் ஊருக்கே கண்ணைத் துடைத்துவிடுகிற ஜெயக்கொடிக்கு அன்றைக்குத் தன் கண்ணைத் துடைக்க முந்தானை அகப்படவில்லை.

அந்தக் கூத்தில் கருத்தக்கண்ணன் ஓரமாக உட்கார்ந்து எதையோ புரட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை, இனிமேல் தாராளமாகப் படிக்கலாம் என்று சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் இடது ஓரத்தில் கையை விட்டாள். 4417 இல்லை. நேரே பீமாராவிடம் போனாள்.

"என்னயப் பாக்காத தங்கச்சி," என்றார் அவர், பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல். "நேத்து பூட்டுற வரைக்கும் ஒங்க வீட்டுக்காரருதான் கையில வச்சிருந்தாரு. ரைஸ்மில் கதை எதுன்னு கேட்டாரு, எடுத்துக் குடுத்தேன். அப்புறம் எங்க ஒளிக்கலாம்னும் எங்கிட்டக் கேட்டாரு. நான் நல்ல எடமாச் சொல்லியிருக்கேன்."

சாயங்காலம் வரை அவள் வயிறு எரிந்தது. கருத்தக்கண்ணன் வந்தார், கால் கழுவினார், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜெயக்கொடி எதுவும் கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சோறு போட்டாள். அவர் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார்.

"இன்னைக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தாரு," என்றார். "அலங்காநல்லூர்க்காரரு. ஒரு சேதி சொன்னாரு."

காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். இந்த வீட்டில் இதுவரை யாரும் வெளியே போய் அவளுக்கென்று ஒரு சேதி கொண்டுவந்ததில்லை. கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சேதி?"